நோயாளியின் நாவும் வைத்தியரின் செவியும்

நம் சித்த வைத்தியர்கள் நோயை அறிதற்கு எண்வகைத் தேர்வு வகுத்தனர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவ்வெட்டினுள் மொழியும் ஒன்றாக வைக்கப்பட்டமை சிந்தனைக்குரியது. நோயாளியின் குரல் தெளிந்திருக்கின்றதா, தளர்ந்திருக்கின்றதா என்று வைத்தியன் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும் என்பது அக்கால விதி. மேனாட்டு வைத்தியமும் இதில் வேறுபடவில்லை. மருத்துவக் கல்லூரியில் மாணவன் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று, நோயாளியின் வரலாற்றை அவன் வாயாலேயே கேட்டறிதல் ஆகும். குழாயை மார்பில் வைப்பதும் இரத்தத்தைச் சோதிப்பதும் அதன் பின்னரே.

அவ்வாறாயின், தன் வரலாற்றைச் சொல்ல முடியாத நோயாளியின் கதி யாது? ஊமையரைப் பற்றி யாம் பேசவில்லை. வாயும் சொல்லும் உடையவராயிருந்தும், சொன்னால் அவமதிப்பும், சில வேளைகளிற் பொலிஸ் நிலையமும் வந்து சேரும் என்று அஞ்சி, வைத்தியர் முன் அமர்ந்து அரைகுறையாக ஏதோ கூறி, துண்டை வாங்கிக்கொண்டு எழுந்து வரும் ஒரு சாரார் நம்மிடையே இருக்கின்றனர். தம் பாலினத்தாரிடமே ஈர்ப்புக் கொண்டோர், இரு பாலார்மீதும் ஈர்ப்புடையோர், பிறப்புச் சான்றிதழிற் குறிக்கப்பட்ட பாலுக்கு வேறாகத் தம்மை உணர்வோர் என இவர்களை வகுத்துக் கூறலாம். இலக்கியப் பகுதியின் ஆசிரியத் தலையங்கத்துக்கு இது பொருளாகுமா என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆகும் என்பதே எம் கருத்து. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இலங்கையின் இலவச மருத்துவம் நாம் பெருமைப்படத்தக்க சாதனை. வருமானத்தால் நம்மினும் பன்மடங்கு மேம்பட்ட நாடுகள் பொறாமை கொள்ளும் அளவுக்குத் தாய்மாரையும் சிசுக்களையும் நாம் காப்பாற்றியிருக்கின்றோம். 2016 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றளித்தது. 2019 ஆம் ஆண்டில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் தொற்றுவதை ஒழித்த நாடென்ற சிறப்பும் நமக்குக் கிட்டியது. கிராமத்து மருத்துவ மாது தொடக்கம் பெரியாஸ்பத்திரி வரை நீண்டு கிடக்கும் ஒரு வலை இருந்தமையாலேயே இவை கைகூடின. ஆஸ்பத்திரிக் கதவு எவருக்கும் சாத்தப்படவில்லை. காசு கேட்பாரும் இல்லை. ஆயினும் திறந்த கதவின் முன்னால் நின்று உட்புகாது திரும்புவோரும் உளர்.

அவர்கள் திரும்புவது ஏன்? வெளிநோயாளர் பிரிவில் நிகழக்கூடியதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு மேசை, அதன் எதிரே ஒரு வாங்கு, அடுத்த நோயாளி முழங்காலை இடித்துக்கொண்டு நிற்கிறார். “என்ன வருத்தம்?” என்று வைத்தியர் கேட்கிறார். மறைவிடத்திற் புண்ணென்று சொல்வதற்கே நம் இளைஞன் ஒருவனுக்குப் பெருந்துணிவு வேண்டும். எவ்வாறு வந்தது என்ற அடுத்த கேள்விக்கு அவன் உண்மை சொல்வானா? சொல்லாவிடின் வைத்தியர் தொண்டையைச் சோதிக்கமாட்டார், ஆசனவாயைச் சோதிக்கமாட்டார், தகுந்த பரிசோதனைக்கு அனுப்பவுமாட்டார். இன்னொரு பெண்ணோடு வாழும் பெண்ணொருத்தி கிளினிக்கிற்குப் போகிறாள். “கலியாணமாகிவிட்டதா?” என்ற ஒரே கேள்வியில் அவளுடைய வாழ்க்கை முழுவதும் கணக்கிடப்பட்டு, ஆகவில்லை என்றதும் கருப்பைக் கழுத்துச் சோதனை அவளுக்குத் தேவையற்றதென முடிவாகின்றது. பெண்ணுடுப்பில் வந்த ஒருவரின் அடையாள அட்டையில் ஆணின் பெயர் இருக்கிறது; தாதி அப்பெயரை உரக்கக் கூப்பிடுகின்றார்; வரிசையில் நின்றோர் அனைவரும் திரும்பிப் பார்க்கின்றனர். விடுதியில் அனுமதிக்க வேண்டிவந்தால் ஆண்கள் விடுதியிலா பெண்கள் விடுதியிலா என்ற வழக்கு அவர் காதுபடவே நடைபெறுகின்றது. இவை கற்பனை உதாரணங்களாயினும் கற்பனைச் சம்பவங்கள் அல்ல. 2016 ஆம் ஆண்டில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு இந்நாட்டில் இத்தகையோர் படும் பாட்டை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்து விரலும் ஒன்றுபோல் இல்லை என்ற, நம் பாட்டிமாரும் சொல்லும் வாசகத்தையே அதற்குத் தலைப்பாகச் சூட்டியிருந்தனர். வைத்தியசாலைகளிற் பட்ட அவமானமும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது.

மலைநாட்டிலும் கொழும்பிலும் உள்ள தமிழ் நோயாளிக்கு இன்னுமோர் இடர் உண்டு. வைத்தியர் சிங்களம் பேசுவார். நோயாளிக்குத் தமிழே வரும். இடையில் ஒரு சிற்றூழியரோ பக்கத்துக் கட்டிலிற் கிடப்பவரோ மொழிபெயர்ப்பாளராகின்றார். காய்ச்சலென்றால் அதனால் நட்டமில்லை. உற்ற துணைக்கும் சொல்லாத ஒன்றை, அதே தோட்டத்தில் அடுத்த லயத்தில் வசிக்கும் சிற்றூழியரின் வாய்வழியே வைத்தியருக்குச் சொல்லியனுப்ப எவர் துணிவார்? மொழியுரிமை பற்றி நாம் மேடைகளிற் பேசிவந்துள்ள பேச்சில் இந்நோயாளியை ஒரு தரமேனும் நினைத்ததுண்டா?

இவ்வச்சத்துக்கு அடியில் ஒரு சட்டம் கிடக்கின்றது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலேயர் நமக்குத் தந்தது. அதன் 365 ஆம் பிரிவு இயற்கை ஒழுங்குக்கு மாறான உடற்சேர்க்கை என ஒன்றைக் குற்றமாக்கிப் பத்தாண்டு வரை சிறை விதித்தது. 365 அ பிரிவோ மிக இழிந்த நடத்தை என்ற, எதையும் எவர்மீதும் சுமத்தக்கூடிய தொடரால் ஆயது. முதலில் அது ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 ஆம் ஆண்டிற் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, அப்பிரிவு நீக்கப்படும் என்று எதிர்பார்த்தோரும் இருந்தனர். நடந்தது வேறு. ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு எவரேனும் ஒருவர் என்று எழுதினர். அதனாற் பெண்களும் உள்ளே வந்தனர். சமத்துவம் இவ்விதமாகவும் வரும் போலும்! இச்சட்டத்தைத் தந்த இங்கிலாந்து, தன் வீட்டில் வளர்ந்த ஆண்கள் தனியிடத்தில் உடன்பட்டு நடப்பதைக் குற்றமெனக் கொள்வதை 1967 ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது.

இப்பிரிவுகளின் கீழ்த் தண்டிக்கப்பட்டோர் எத்துணைப் பேர், மிகச் சிலர்தாமே என்று கூறுவோர் உண்டு. சட்டத்தின் வலிமையைச் சிறைக் கணக்கால் மட்டும் அளப்பது பேதைமை. அது வைத்தியரின் அறைக்குள் எவ்வாறு நுழைகின்றது என்று பாருங்கள். நோயாளி தன் வரலாற்றைச் சொல்வதே ஒரு குற்ற ஒப்புதல் போலாகின்றது. வைத்தியருக்கும் தடுமாற்றம்: கேட்டறிந்ததைக் கொப்பியில் எழுதுவதா, விடுவதா? சுகாதார ஊழியர் நோய்த் தடுப்புக்காக உறை வழங்குகின்றார். அதே உறை சட்டைப் பையில் இருந்தமை பொலிசாருக்குச் சந்தேகக் காரணமாகின்றது. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் எனும் 1841 ஆம் ஆண்டுப் பழஞ்சட்டம் வேறு கைகொடுக்கின்றது. ஆணென்று பதியப்பட்டுப் பெண்ணாக உடுத்தோரை ஆள்மாறாட்டக் காரரென மடக்குவதற்கும் சட்டக்கோவையில் ஒரு பிரிவு தேடிக்கொள்ளப்படுகின்றது.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. மேற்கூறிய கண்காணிப்பகமும், இந்நாட்டில் இவர்களின் உரிமைக்காக உழைக்கும் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பும் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட தகவலின்படி, 2017 ஆம் ஆண்டு முதல் குறைந்தது ஏழு பேர், குற்றத்தை நிரூபித்தற்பொருட்டு வலிந்து உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். ஆசனவாய்ப் பரிசோதனையும் அவற்றுள் அடங்கும். இப்பரிசோதனையால் எதனையும் நிரூபிக்க முடியாது என்பது மருத்துவ உலகின் முடிவு. உலக மருத்துவச் சங்கம் 2017 ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டித்து, வைத்தியர்கள் இதிற் பங்கேற்கலாகாது எனத் தீர்மானித்தது. அவ்வாறிருக்க, வைத்தியரின் கை நோயாளியின் உடம்பின்மேல் நோயாளியின் விருப்பத்துக்கு மாறாக வழக்குத் தொடுப்போரின் கருவியாகச் செல்கிறது. ஒருவருக்கு நேர்ந்த இக்கொடுமை நூறு பேரின் காதுக்கு எட்டும். அதன் பின்னர், சட்ட வைத்திய அதிகாரி வேறு, சிகிச்சை செய்யும் டொக்டர் வேறு என்று நாம் எத்துணை விளக்கினாலும் அந்நூறு பேரும் ஆஸ்பத்திரி மதிலைக் கண்டதும் மறுபக்கத் தெருவால் நடந்து போவர். இதிற் குற்றங்காண முடியுமா?

மருத்துவ சாஸ்திரமும் இவ்விடயத்தில் மாசற்றதன்று என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அலன் தூரிங் என்ற கணித மேதையின் வரலாறு மாணவர் பலரும் அறிந்ததே. உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீட்டை உடைத்தறிதற்குப் பேருதவி புரிந்த அவர்மீது 1952 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர்; சிறைக்குப் பதிலாகப் பெண்மைச் சுரப்பு மருந்தை அவர் உடம்பில் ஏற்றினர். சிகிச்சை என்றே அதற்குப் பெயரிட்டனர். 1954 ஆம் ஆண்டில் அவர் மாண்டார். 2013 ஆம் ஆண்டில் அரச மன்னிப்பு வந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கமோ இவ்வீர்ப்பை மனநோய்ப் பட்டியலில் எழுதி வைத்திருந்தது. 1972 ஆம் ஆண்டில் டலஸ் நகரிற் கூடிய அச்சங்கத்தின் மாநாட்டில் ஒருவர் முகமூடி அணிந்து, பெருத்த சட்டைக்குள் உருவத்தை மறைத்து, குரலை மாற்றும் ஒலிவாங்கியின் முன் நின்று, தாமும் ஓர் உளமருத்துவர், தாமும் இத்தகையவர் என்று பேசினார். ஜோன் பிரையர் என்ற அவர் தம் பெயரைப் பகிரங்கப்படுத்தப் பல ஆண்டுகள் சென்றன. நோயாளி வைத்தியருக்கு அஞ்சியது போக, வைத்தியரே வைத்தியருக்கு அஞ்சிய காட்சி அது. அடுத்த ஆண்டிற் சங்கம் அப்பெயரைப் பட்டியலினின்றும் நீக்கிற்று. உலகச் சுகாதார ஸ்தாபனம் 1990 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழியே சென்றது. பிறப்பிற் குறித்த பாலுக்கு வேறாகத் தம்மை உணர்தலும் 2019 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட புதிய நோய்ப் பகுப்பில் மனக்கோளாறுகளின் அத்தியாயத்தை விட்டு வெளியேறிப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தை அடைந்தது. 2022 ஆம் ஆண்டு தைத் திங்கள் முதல் அப்பகுப்பு நடைமுறைக்கு வந்தது.

பட்டியல்கள் திருந்தின. பட்டியல்களைப் படித்து வளர்ந்தோர் மனம் திருந்தியதா என்பது வேறு வினா. “மருந்து கொடுத்து மாற்றிவிடுங்கள்” என்று பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோர் நம் ஊர்களிலும் உளர். அவ்வேளையில், மாற்றுவதற்கு இங்கு நோயொன்றும் இல்லை என்று நேராகக் கூறும் வைத்தியரும் உளர். பார்ப்போம் என்று தொடங்குவோரும் உளர். பூசகரிடமும் மந்திரவாதியிடமும் போய், ஈற்றில் அவசரமாகக் கலியாணம் ஒன்றைக் கட்டிவைத்து, அறியாத பெண்ணொருத்தியின் வாழ்வையும் சேர்த்துக் குலைக்கும் கதைகளை வாசகர் தாமே அறிவர். பிழை செய்யும் பெற்றோரை ஏசுவது எளிது. அவர்களுக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுக்கவேண்டிய இடம் எதுவென்று பார்த்தால், வைத்தியரின் அறையும் ஆசிரியரின் வகுப்பும் அன்றி வேறில்லை.

நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2016 ஆம் ஆண்டிற் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தம் பாலை மாற்றிப் பதிய விரும்புவோர்க்கு உளமருத்துவரின் மதிப்பீட்டின் மேற் சான்றிதழ் வழங்கவும், அச்சான்றிதழைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திற் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளவும் அது வழி செய்தது. அயலிலுள்ள பல நாடுகளில் இவ்வளவு கூட அக்காலத்தில் இருந்ததில்லை. பாலியல் நோய்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் மாவட்டந்தோறும் கிளினிக்குகள் உண்டு, பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படுகின்றது. அங்குப் பணிபுரிவோர் பலர் பிற பிரிவினர்க்கு முன்மாதிரியாகத்தக்க பண்புடையோர். ஆயினும் கிளினிக் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றது என்பதை ஊர் அறியும்; அதன் படியேறுவோரை ஊர் பார்க்கும். சான்றிதழ் பெறவேண்டியவரும், வேலைக்கு விடுப்பெடுத்து, பஸ் பிடித்து, உளமருத்துவர் உள்ள நகரத்துக்குப் பன்முறை அலைய வேண்டியவரே. மனநோய் இல்லை என்று உலகம் தீர்மானித்த ஒன்றுக்கு மனநோய் மருத்துவரின் கையொப்பமே திறவுகோலாயிருப்பதிலுள்ள முரண்பாட்டையும் குறித்து வைப்போம். ஆண்டுதோறும் இந்நாட்டிற் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி. தொற்றுக்களிற் கணிசமான பகுதி ஆண்களுக்கிடையிலான உறவின் வழியே வருகின்றது. தாயையும் சேயையும் காத்து உலகின் பாராட்டைப் பெற்ற அதே திட்டம், இவர்களிடத்தில் வந்ததும் மூச்சு வாங்குகின்றது. மருந்தும் இருக்கின்றது, தேர்ந்த வைத்தியரும் இருக்கின்றனர். அவர்களிடம் வரவேண்டியவர் வீட்டினுள் ஒளிந்திருக்கின்றார்.

இனி, இது இலக்கியப் பகுதிக்குரிய பொருளானது எவ்வாறு என்பதற்கு வருவோம்.

நோயாளி உண்மையைச் சொல்லத் துணிந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சொல்லாற் சொல்வார்? தெருவிற் கிடக்கும் சொற்கள் யாவும் வசைகள். அவற்றை இங்கு அச்சிடுதல் பத்திரிகைக்கு அழகன்று. வாசகர் அறியாதனவும் அல்ல. தன்னைத் தானே வைது கொண்டால்தான் வைத்தியருக்குத் தன் நிலை விளங்கும் என்ற நெருக்கடியில் ஒருவரை நிறுத்துகின்றோம். வைத்தியர் ஆங்கிலத்திற் கற்றவர். அவர் உள்ளத்தில் ஆங்கிலச் சொல் இருக்கின்றது. அதற்கு நேராக நோயாளியின் காதிற் புண்படாது விழும் தமிழ்ச் சொல் அவரிடம் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் நோக்கி மௌனமாயிருக்கின்றனர்.

நம் இலக்கணிகள் இதனை எண்ணாது விட்டாரல்லர் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்த பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் வைத்தார். இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈற்றையே கொள்ளும் என்றார். தெய்வத்தோடு ஒரு பந்தியில் அமர்த்தினார் என்று நாம் மிகைபடக் கொண்டாட வேண்டியதில்லை. இலக்கண வசதி கருதியே அவர் அவ்வாறு செய்திருக்கலாம். ஆனால், திணை உயர்திணை என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. பல நூற்றாண்டுகளின் பின் வந்த பவணந்தியார், பெண்மை விட்டு ஆண்மை விரும்பும் பேட்டை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவதைப் பெண்பாலிலும் சேர்த்தார். ஒருவர் எதனை விரும்புகின்றாரோ அதற்கேற்பப் பால் கூறிய இவ்விதி வியக்கத்தக்கது. இன்றைய சுற்றறிக்கை உளமருத்துவரைக் கேட்டுச் சொல்வதை நன்னூலார் உரியவரைக் கேட்டே சொல்லிவிட்டார். ஆனால் அதே சூத்திரத்தின் ஈற்றில், இவை அஃறிணை போன்றும் வரும் என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்தார். வெளிநோயாளர் வரிசையில், “அது வந்திருக்கு” என்று சுட்டிக் காட்டும் விரலுக்கு இலக்கண ஆதாரம் வேண்டுமாயின் இங்கிருந்து கிடைக்கும். அவ்விரலுக்குரியவர் நன்னூலைப் படித்திருக்கமாட்டார் என்பது உண்மையே. நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அச்சூத்திரத்திற் சற்றே நின்று, இரு நூல்களுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டை மாணவர் முன் வைப்பாராயின், பிற்காலத்தில் வைத்தியராகவோ தாதியாகவோ வரப்போகும் மாணவி ஒருத்திக்கு அது பயன்படும். வழக்கம் என்னவென்றால், பேடு என்ற சொல் வந்ததும் வகுப்பிற் சிரிப்பெழும்; ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த சூத்திரத்துக்குத் தாவுவார்.

தமிழில் மருத்துவச் சொல் ஆக்குவது ஆகாத காரியம் என்று சொல்லும் உரிமை மற்றெவர்க்கு இருப்பினும் யாழ்ப்பாணத்தார்க்கு இல்லை. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணாக்கரின் துணையோடு அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் எனப் பெரு நூல்களைத் தமிழாக்கினார். மகப்பேற்று வைத்தியத்தையும் அவர் விட்டாரல்லர். கூறத் தகாதவை எனச் சமூகம் மூடி வைத்த உறுப்புக்களுக்கும் நிலைகளுக்கும் அவரும் அவர்தம் மாணாக்கரும் சொற் கண்டனர். அச்சொற்களிற் சில நிலைத்தன, பல மறைந்தன. நாணத்தைக் காரணங் காட்டி அவர்கள் பேனாவைக் கீழே வைத்திருப்பாராயின் பிரசவ அறையில் எத்தனை தாய்மார் மாண்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்ததொன்றையும் கூறவேண்டும். பெற்றோருக்கு அஞ்சித் தஞ்சம் கோரிய இரு இளம் பெண்களின் வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைப் பற்றித் தமக்கு அறிவு போதாது என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று கேட்டறிந்தார். நீதிபதி மாணவனாகிய அச்செயல், பின்னர் வந்த தீர்ப்பினும் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் வழங்கிய உத்தரவு, இவர்களைச் சிகிச்சையால் மாற்ற முனைவதைத் தடை செய்தது. மருத்துவப் பாடநூல்கள் திருத்தப்பட வேண்டுமென்றது. மறு ஆண்டில் இந்திய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகவே, இவர்களைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாட்டரசு 2022 ஆம் ஆண்டில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி என்பன முன்னரே வழக்கில் வேரூன்றியவை. பட்டியலிலுள்ள சொற்கள் யாவும் நம் செவிக்கு இனியன என்று யாம் கூறவில்லை. சில, காரியாலய மேசையிற் பிறந்தவை என்பது கேட்ட மாத்திரத்தே தெரிகின்றது. எழுத்தாளர் வாயிற் புழங்கினால் அவற்றுட் பிழைப்பன பிழைக்கும்.

நம் நாட்டிலும் நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. 365 ஆம் பிரிவையும் 365 அ பிரிவையும் திருத்தும் தனிநபர் மசோதா ஒன்று 2023 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எதிர்த்தோர் சொன்ன வாதங்களுட் சுகாதாரமும் ஒன்று: தடையை நீக்கினால் நோய் பரவும் என்றனர். தடையிருந்த காலமெல்லாம் நோய் பரவிய விதத்தை அவர்கள் விளக்கவில்லை. மசோதா நிறைவேறவில்லை. 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அதுவும் கூடவே வீழ்ந்தது. ஈராண்டுகளுக்கு முன்னரே, 2022 ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு, ரொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இச்சட்டம் பெண்களின் உரிமையை மீறுவதாக முடிவு கூறியிருந்தது.

நம் பண்பாட்டுக்கு இஃது ஒவ்வாது என்பார்க்கு ஒரு வார்த்தை. பேடு ஆடிய கூத்தைச் சிலப்பதிகாரம் பதினோராடலுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆங்கிலேயனின் தண்டனைக் கோவைக்குத்தான் அக்கூத்தைக் கண்டு அச்சம். விக்டோரியா மகாராணியின் காலத்து நாணத்தை நம் மரபென்று நாம் காத்து நிற்பது வேடிக்கை. போரால் நொந்த சமூகத்துக்கு இதனினும் தலையாய பிரச்சினைகள் இல்லையா என்ற கேள்வி சற்றுக் கனமானது. இருக்கின்றன, காணி உண்டு, காணாமற் போனோர் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் தலையாய பிரச்சினைகள் தீரும்வரை நோயைத் தள்ளிப்போட முடியாது. அன்றியும், போரில் அவயவம் இழந்தோரிலும் உறவை இழந்தோரிலும் இவர்களும் இருக்கின்றனர். அவர்களின் மனப்புண்ணுக்கு ஆற்றுப்படுத்துவோரிடம் செல்லும்போது, பாதிக் கதையை மறைத்துக்கொண்டு மீதிக் கதைக்கு ஆறுதல் தேடவேண்டியிருக்கின்றது.

சட்டத்தை மாற்றுதல் பாராளுமன்றத்தின் வேலை. விடுதி ஒழுங்கும் மறைவான விசாரணை இடமும் சுகாதார அமைச்சின் வேலை. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, ஒரு திரைச்சீலையும் ஒரு கட்டளையும் போதும். உரிய பெயர் கேட்டு அப்பெயரால் அழைக்கும்படி தாதியர்க்குப் பயிற்றுதலும் அவ்வாறே. வலிந்த பரிசோதனைக்குக் கையை நீட்டமாட்டோம் என்று மருத்துவச் சங்கத்தார் ஒருமுகமாகச் சொல்வாராயின், சட்டம் திருந்தும்வரை காத்திராமலே ஒரு கொடுமை நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிப்போர், நோயாளியின் வரலாற்றைத் தமிழிற் கேட்கும் பயிற்சியில் இவ்வினாக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கலியாணமாகிவிட்டதா என்ற வினாவுக்குப் பதிலாக, உங்களுடன் வாழ்பவர் யார் என்று கேட்டாலே பாதிப் பூட்டுக் கழன்றுவிடும் என்பது எம் எண்ணம்.

எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய வேலை சொல் பற்றியது. புதிய நோய்ப் பகுப்பில் இடம்பெற்ற தொடரொன்றை எடுத்துக்கொள்வோம்: பிறப்பிற் பதிந்த பாலும் தான் உணரும் பாலும் இயையாதிருத்தல். இதனைப் பாலின முரண் என்று எழுதினால், முரண் என்ற சொல் ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிடுகின்றது. பாலினக் குழப்பம் என்று சில செய்திகளில் அச்சாவதைக் காண்கின்றோம்; குழம்பியிருப்பவர் செய்தி எழுதியவர், நோயாளி அல்லர். பாலின இயையாமை என்பது ஓரளவு பொருந்துகின்றது; ஆயினும் பாமரர் வாயில் வழுக்கும். இதனினும் எளியதும் வைத்தியரும் நோயாளியும் கூச்சமின்றிக் கூறத்தக்கதுமான சொல் வாசகர்க்குத் தோன்றுமாயின் எழுதியனுப்புக. மட்டக்களப்பு, மலைநாடு, மன்னார் ஆகிய பகுதிகளின் பேச்சுவழக்கில், வசையின் வாடையில்லாத பழஞ்சொற்கள் இன்னும் வழங்குமாயின் அவற்றையும் அறிய விரும்புகின்றோம். வருவனவற்றைத் தொகுத்து இப்பக்கத்தில் வெளியிடுவதோடு, மருத்துவபீடங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவோம்.